கிழங்கு தோண்டும் முன்னே

செம்மேட்டில் ஒரு குடும்பம் மரவள்ளி பயிரிட்டிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். நிலம் அவர்களுடையது. உழைப்பு அவர்களுடையது. பத்து மாதம் களை எடுத்து, பன்றிக்குக் காவல் இருந்து வளர்த்த பயிரும் அவர்களுடையதுதான். ஆனால் கிழங்கைத் தோண்டிய அன்றைக்கு, அதில் எவ்வளவு அவர்கள் கையில் இருக்கிறது?

லாரி வேறொருவருடையது. விலை பேசுகிறவர் தரகர். எடை போடுவது மில். கிழங்கில் மாவு எவ்வளவு என்று சொல்வதும் மில். இத்தனை பேரும் ஒழுங்காக நடந்தால் கவலை இல்லை. ஒருவர் சறுக்கினாலும், நஷ்டம் வந்து விழுவது மலைமேல் இருக்கும் அந்தக் குடும்பத்தின் தலையில்.

பெரிய கம்பெனிகள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. நமக்குச் சரக்குத் தருகிறவர் யார், ஏற்றிச் செல்கிறவர் யார், அவர் கவிழ்ந்தால் நமக்கு என்ன ஆகும் என்று பார்ப்பதே அந்த ஆட்களின் வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு! கொல்லிமலை விவசாயிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அவரேதான் பார்த்துக் கொள்ள வேண்டும். அவர் மனைவியும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி உதவ வேண்டும்.

காத்திருக்காத சரக்கு

மிளகு காத்திருக்கும். காய வைத்து மூட்டை கட்டி வைத்தால், விலை வரும் வரை வீட்டு மூலையில் கிடக்கும். சாமையும் தினையும் காத்திருக்கும். மரவள்ளிக் கிழங்கு அப்படி அல்ல. தோண்டிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுப்புக் கோடு ஓடிவிடும். மாவு கெடும். மில்காரர் முகம் சுளிப்பார்.

ஆனால் அதே கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்போது பொறுமைசாலி. முற்றிய பிறகும் சில வாரங்கள் செடியோடு விட்டு வைக்கலாம். மழை பெய்து புதுத் தளிர் விட்டால் மாவு குறையும் என்பது உண்மைதான். என்றாலும் ஒரேயடியாகக் கெட்டுப் போவதில்லை. ஆகவே கிழங்கு மண்ணுக்குள் இருக்கும் வரை பேரம் விவசாயி கையில். வெளியே எடுத்துக் குவித்த பிறகு, பேரம் வாங்குகிறவர் கையில்.

இதை மறந்துவிட்டு, "வண்டி நாளைக்கு வரும், தோண்டி வையுங்கள்" என்ற வாய்ப்பேச்சை நம்பித் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி நாளைக்கு வராது. நாளன்றைக்கு வரும். வரும்போது விலையும் இறங்கி வரும். அப்போது என்ன செய்ய முடியும்? விலையும் வண்டியும் உறுதியான பிறகே மண்ணில் கடப்பாரையைப் போட வேண்டும். அதற்கு முன் இரண்டு மில்லுக்காவது போன் செய்து கேளுங்கள். போன் எல்லோரிடமும்தான் இருக்கிறதே!

முன்பணம் வாங்கியவர்களால் இப்படி நிமிர்ந்து பேச முடியாது. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய பணம், கிழங்கை ஒரே ஆளிடம் கட்டிப் போட்டுவிடுகிறது. தேவைக்கு வாங்குவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது வட்டி இல்லாக் கடன் என்று எண்ணாதீர்கள். வட்டி விலையில் ஒளிந்திருக்கிறது.

பாயிண்ட் என்னும் புதிர்

மரவள்ளிக்கு எடை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. "பாயிண்ட்" பார்க்கிறார்கள். மாவுச் சத்து எவ்வளவு என்பதைக் காட்டும் எண் அது. ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை. இரண்டு பாயிண்ட் குறைந்தால், ஒரு லாரிக்கு எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கிழங்கை எடுத்து வெளியே நிறுக்கிறார்கள். பிறகு அதையே தண்ணீரில் அமிழ்த்தி நிறுக்கிறார்கள். மாவு நிறைந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனம் காட்டும். நீர் கோத்த கிழங்கு லேசாக மிதக்கப் பார்க்கும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் மலையிலிருந்து கிழங்கை அனுப்பியவர் அப்போது தராசின் பக்கத்தில் இல்லை. மில்லுக்கு மில் பாயிண்ட் மாறுகிறது என்பது மரவள்ளி விவசாயிகளின் பழைய குறை.

நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு லாரி பிடித்தால், அவர்களில் ஒருவர் கூடவே போய்த் தராசைப் பார்க்கலாம். கூலி ஒரு நாள் போகும். போகட்டும். எடைச் சீட்டும் பாயிண்ட் சீட்டும் கையில் வரும்.

மில்காரர் பட்ட பாடு

மில்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவரும் பிறர் கையை நம்பியவர்தான். இந்தத் தொழில் பிறந்த கதையே அதைச் சொல்லும். இரண்டாம் உலகப் போருக்கு முன் நமக்கு ஜவ்வரிசி கடல் கடந்து மலேயா பக்கமிருந்து வந்தது. போர் வந்தது, கப்பல் நின்றது. பாயசத்துக்கு ஜவ்வரிசி இல்லை! 1943-ல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். ஒரே வழியை நம்பியிருந்த நாட்டுக்கு அந்த வழி அடைபட்டதால் வந்த தொழில் இது.

பிறகு மில்கள் பெருகின. விற்கும் இடத்தில் மில்காரர் வியாபாரிகளிடம் சிக்கினார். சரக்கு வைக்கக் கிடங்கு இல்லை. பணத்துக்கும் அவர்களிடமே போக வேண்டும். அவர்கள் வைத்ததே விலை. கடைசியில் உற்பத்தியாளர்கள் ஒன்று கூடி, 1981-ல் சேலத்தில் "சேகோசர்வ்" கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சரக்கைக் கிடங்கில் வைத்து டெண்டர் மூலம் விற்க வழி பிறந்தது. மில்காரருக்குக் கிடைத்த இந்தப் புத்தி, மலையில் கிழங்கு விளைவிக்கிறவருக்கும் பொருந்தாதா?

கலந்தது ஒருவர், கெட்டது எல்லோர் பெயரும்

சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலக்கிறார்கள், வெளுக்க ரசாயனம் போடுகிறார்கள் என்று அதிகாரிகள் சோதனை நடத்திய செய்திகளையும் நாம் பல முறை படித்திருக்கிறோம். வடநாட்டில் விரத நாளில் தானியம் தொடமாட்டார்கள். ஜவ்வரிசி கிழங்கிலிருந்து வருவதால் அதைத் தாராளமாகச் சாப்பிடுவார்கள். அதில் மக்காச்சோளம் இருந்தால்? ஒரு தாயின் விரதம் அவருக்குத் தெரியாமலே கெடுகிறது. மலிவான சோள மாவு புகுந்தால் கிழங்குக்கும் கிராக்கி குறையும். செம்மேட்டு விவசாயி கலப்படம் என்றால் என்னவென்றே அறியாமல் அதற்கு அபராதம் கட்டுகிறார்.

அளவுகோலை ஏமாற்றினால் எவ்வளவு கொடுமை விளையும் என்பதைச் சீனா 2008-ல் கண்டது. பாலைச் சேகரித்துக் கொடுத்தவர்கள் அதில் தண்ணீர் ஊற்றினார்கள். சோதனையில் புரதம் குறைவாகத் தெரியாமல் இருக்க, மெலமின் என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள். சான்லு என்ற பெரிய கம்பெனி அந்தப் பாலை வாங்கிக் குழந்தைகளுக்கு மாவாக்கி விற்றது. ஆறு பச்சிளம் குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. "நாங்கள் கலக்கவில்லை, கொடுத்தவன் கலந்தான்" என்று சொல்லி அந்தக் கம்பெனி தப்ப முடிந்ததா? திவாலாயிற்று.

செம்மேட்டில் தேனும் மிளகும் பொட்டலம் கட்டி விற்கும் கடைக்காரர்களுக்கும் இதில் சேதி உண்டு. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளரே பொறுப்பாளி. ஆகவே, பாட்டில் தேனை வாங்கும்போது பில்லையும் வாங்கி வையுங்கள். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனை, சர்க்கரைப் பாகு கலந்த தேனைக் காட்டிக் கொடுக்காது.

வீட்டுக்கு ஒரு துண்டு நிலம்

கொல்லிமலை முன்பு சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலை. கையில் காசு தருகிறது என்று மரவள்ளி பரவியது. சாமையைக் குத்திப் புடைக்கும் பாடு பெண்களுக்கு. அவர்களும் அலுத்துப் போனார்கள். 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே விதை வங்கிகளுக்கும், உமி நீக்கும் சிறு இயந்திரங்களுக்கும், மகளிர் குழுக்களுக்கும் உதவியிருக்கிறது. நிலம் முழுவதும் கிழங்காக இருக்கும் வீட்டுக்கு மில்லைத் தவிர வேறு வாசல் இல்லை. ஒரு துண்டில் சாமை இருந்தால், விலை இறங்கிய ஆண்டில் அடுப்பாவது எரியும்.

அரசாங்கம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஏற்றும் இடத்திலேயே பொது ஆள் ஒருவர் பாயிண்ட் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு முதல் படியாக ஒரு யோசனை. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. அரசுத் துறைகள் கண்காட்சி வைக்கின்றன. அங்கே ஒரு தராசும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்து, பாயிண்ட் எப்படிப் பார்ப்பது என்று விவசாயிகளே நிறுத்துப் பார்க்கும்படி விடலாம். ஒரு கூடைக் கிழங்கு போதும்.