புழு என்னும் ஒரே சொல்

தாராவியின் தமிழ்வழிப் பள்ளிகளிற் பயிலும் சிறுவன் 'புழு' என்னும் சொல்லை இரண்டு இடங்களிற் கேட்கிறான். குடற்புழு நீக்கத்திற்காக அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படும்போது ஒருமுறை. மண்புழுவைப் பற்றிய பாடத்தில் மறுமுறை. இரண்டும் ஒரே இனம் என்று அவன் கருதிக்கொள்வதில் வியப்பில்லை. அதனால் தீங்கற்ற மண்புழுவைக் கண்டு அஞ்சுகிறான். அஞ்சவேண்டிய அழுக்கு மண்ணில் வெறுங்காலுடன் நடக்கிறான். இம்மயக்கத்தை நீக்க இரத்த ஓட்டப் பாடமே தக்க கருவியாகும். ஆனால் அப்பாடம் நடத்தப்படும் முறை அதற்கு உதவுவதாக இல்லை.

புழு கீழ்ப்படி, பூச்சி அடுத்த படி, பின்னர் மீன், உச்சியில் மனிதன் என ஓர் ஏணியாகவே பாடம் பெரும்பாலும் அமைகிறது. இரத்த ஓட்டத்தைப் பொறுத்தவரை இவ்வேணி பொய்யானது. மண்புழுவின் இரத்தம், மனிதனுடையதைப் போலவே, மூடிய குழாய்களுக்குள் ஓடுகிறது. முதுகுப்புறக் குழாய் சுருங்கி இரத்தத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. இதயங்கள் அதனை வயிற்றுப்புறக் குழாய்க்குச் செலுத்துகின்றன. லக்னோவின் கரம் நாராயண் பால் 1926இல் விரிவாக ஆராய்ந்து எழுதிய பெரிடிமா இனத்தில் இத்தகைய இதயங்கள் நான்கு இணை உண்டு; அவை 7, 9, 12, 13ஆம் கண்டங்களில் அமைந்துள்ளன. இரத்தம் சிவப்பே, எனினும் சிவப்பணுக்கள் இல்லை. ஹீமோகுளோபின் இரத்த நீரிலேயே கரைந்திருக்கிறது.

ஏணியில் மேலே வைக்கப்படும் கரப்பான் பூச்சிக்கோ இத்தகைய மூடிய குழாய்கள் இல்லை. அதன் உறுப்புகள் நிறமற்ற இரத்தத்தில் தோய்ந்து கிடக்கின்றன. பிராணவாயுவைத் தனிக் காற்றுக்குழல்களே கொண்டுசெல்கின்றன. மீன்கடையில் அறுக்கப்படும் நண்டிலும் திறந்த ஓட்டமே. செம்பு கலந்த ஹீமோசயனின் உள்ளமையால் அதன் இரத்தம் காற்றுப்பட நீலம் பாரிக்கும். அடுக்களையிற் கண்ட இச்செய்தியைச் சிறுவன் வகுப்பில் எளிதிற் பற்றிக்கொள்வான்.

இனிக் குடலில் வாழும் உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும். இவற்றிற்கு இதயமுமில்லை, இரத்தக் குழாய்களுமில்லை; உடற்குழியின் நீரே எல்லாவற்றையும் சுமக்கிறது. தனக்கென இரத்த ஓட்டம் இல்லாத கொக்கிப்புழு மனிதனின் இரத்த ஓட்டத்தையே வாகனமாக்கிக் கொள்கிறது. மலம் கலந்த ஈரமண்ணில் உள்ள அதன் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து, சிரைகளின் வழியே இதயத்தையும், அங்கிருந்து நுரையீரலையும் அடைகிறது. தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்குச் சேர்கிறது. அங்கே இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை விளைவிக்கிறது. வலப்புற இதயத்திலிருந்து இரத்தம் எங்குச் செல்கிறது என்பதை விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு ஆசிரியருக்குக் கிடைப்பது அரிது. பாடநூல் இதனை நோய்களின் பகுதியில் ஒதுக்கிவைப்பது வருந்தத்தக்கது.

மாத்திரை வழங்கும் வாரத்திலேயே இப்பாடமும் நடைபெறுவது நலம். சுகாதார ஊழியரும் ஆசிரியரும் ஒருவரையொருவர் கலந்துகொண்டால் இதில் தடை ஏதுமிராது. பிராணியை அறுத்துக் காட்டவும் வேண்டுவதில்லை. மாட்டுங்காவின் பூங்காக்களிலோ செம்பூரின் வீட்டுத் தோட்டங்களிலோ மழைக்காலத்தில் கிடைக்கும் மண்புழு ஒன்றை ஈரத்தாளின்மேல் வைத்தால், முதுகின் நடுவே கருங்கோடாக அந்தக் குழாய் தெரியும். தோல் உலர்ந்தால் புழு மூச்சின்றி மடியுமாதலால், பார்த்தவுடன் மண்ணில் விட்டுவிடல் வேண்டும்.