கடலோரம் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரிகன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. கலிபோர்னியாவுக்கு நேர் வடக்கே, பசிபிக் மாகடலைப் பார்த்தபடி உள்ள மாநிலம் அது. அதன் கடலோரம் சுமார் 360 மைல் நீளம்.

பணம் படைத்தவர்கள் நிறைந்த நாடு அமெரிக்கா. அங்கே கடலைப் பார்த்த வீடு என்றால் அதன் விலை கேட்கவே வேண்டாம். ஆனால் ஓரிகனில் எப்பேர்ப்பட்ட கோடீசுவரனும் கடல் மணலில் வேலி போட்டு, "இது என் இடம், தள்ளிப் போ" என்று சொல்ல முடியாது. மணலில் யாரும் நடக்கலாம், உட்காரலாம், குழந்தைகள் வீடு கட்டி விளையாடலாம். சில பூங்காக்களில் வண்டி நிறுத்தக் கட்டணம் கேட்பார்கள். மணலில் கால் வைக்கக் கட்டணம் கிடையாது.

இந்த உரிமை எப்படி வந்தது? அதை அறிய ஒரு பூங்காவுக்குப் போக வேண்டும்.

மரங்களுக்குள்ளே ஒரு வழி

பூங்கா என்றதும் பூச்செடியும் நீரூற்றும் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் மாநில அரசு காப்பாற்றி வைத்திருக்கும் காடு, மலை, கடற்கரை எல்லாவற்றுக்குமே "மாநிலப் பூங்கா" என்றுதான் பெயர். அப்படி ஒன்று ஓரிகனின் வடபகுதியில் இருக்கிறது. "ஆஸ்வால்டு வெஸ்ட் பூங்கா" என்று பெயர். பரப்பு சுமார் 2,500 ஏக்கர்.

கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் கடல் கண்ணுக்குத் தெரியாது. அரை மைல் தூரம் காட்டுக்குள்ளே நடக்க வேண்டும். வழியின் இரு பக்கமும் ஊசி போன்ற இலைகள் கொண்ட பெரிய பெரிய மரங்கள். சில மரங்கள் 200 அடி உயரம். அடிமரத்தை நாலைந்து பேர் கை கோத்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும். மழை அதிகம் பெய்யும் இடம் ஆதலால் கிளையெல்லாம் பச்சைப் பாசி தொங்கும். நடுப்பகலிலும் மங்கலான வெளிச்சம்தான். பக்கத்தில் ஓடை ஓடும் சத்தம் கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் அலையின் இரைச்சலாக மாறும். காடு முடியும் இடத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே, அரிவாள் போல வளைந்த சிறு கடற்கரை!

முன்பெல்லாம் காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கவும் இடம் கொடுத்திருந்தார்கள். வண்டி உள்ளே போகாது. எனவே மூட்டை முடிச்சுகளைத் தள்ளிப் போக ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளை வைத்திருந்தார்கள். 2008-ம் ஆண்டு பெருமரம் ஒன்று கூடார இடத்திலேயே சாய்ந்துவிட்டது. அதோடு அங்கே தங்குவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பகலில் வந்து மாலையில் திரும்ப வேண்டியதுதான்.

நடக்கப் பிரியம் உள்ளவர்களுக்கு வழிகள் பல. வடக்கே பால்கன் முனைக்கு ஒரு பாதை போகிறது. குளிர்காலத்திலும் வசந்த காலத்திலும் அந்த முனையில் நின்றால் திமிங்கிலங்கள் நீரைப் பீய்ச்சிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். மெக்சிகோவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே ஆண்டுதோறும் போய்வரும் சாம்பல் நிறத் திமிங்கிலங்கள் அவை. தெற்கே நியாகானி மலை. 1,600 அடிக்கு மேல் உயரம். அந்த மலையில் ஸ்பெயின் நாட்டுக் கப்பல்காரர்கள் புதையலைப் புதைத்தார்கள் என்று நூறு ஆண்டுக்கு மேலாக ஒரு கதை. தோண்டித் தோண்டிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். குழி சரிந்து உயிர்விட்டவர்களும் உண்டு. புதையல் கிடைக்கவில்லை. கப்பல் மட்டும் பொய்யல்ல. 1693-ல் மணிலாவிலிருந்து தேன்மெழுகும் சீனப் பீங்கானும் ஏற்றி வந்து காணாமற் போன கப்பலுடையது என்று கருதப்படும் மரத்துண்டுகளை, அந்தக் கடலோரக் குகையிலிருந்து 2022-ல் எடுத்தார்கள்.

66 சொற்கள்!

பூங்காவின் பெயருக்கு உரியவர் யார்? ஆஸ்வால்டு வெஸ்ட் என்பவர் 1911 முதல் 1915 வரை ஓரிகனின் கவர்னர். அந்நாளில் அலை வந்து போகும் ஈரமணலை மாநில அரசே தனியாருக்கு விற்று வந்தது. பல மைல் விற்றும் போய்விட்டது. இப்படியே போனால் மிச்சம் என்ன இருக்கும்?

"கடற்கரையை விற்கக்கூடாது" என்று நேராக ஒரு சட்டம் கொண்டுவந்தால் நிலம் வாங்கி விற்பவர்கள் விடமாட்டார்கள். வெஸ்ட் ஒரு தந்திரம் செய்தார். மலைகளும் காடுகளும் நிறைந்த அந்தக் கரையில் அப்போது நல்ல சாலை இல்லை. தபால் வண்டியும் குதிரை வண்டியும் அலை இறங்கும் நேரம் பார்த்து ஈரமணலில்தான் ஓடின. ஆகவே, "கடற்கரை முழுவதும் பொதுச் சாலை" என்று ஒரு மசோதா எழுதினார். ஆங்கிலத்தில் வெறும் 66 சொற்கள்! வரி கொடுப்பவருக்குக் காலணா செலவில்லாமல் இத்தனை மைல் சாலை கிடைக்கிறது என்றதும் சட்டசபையில் ஆட்சேபம் எழவில்லை. 1913-ல் அது சட்டம் ஆயிற்று.

நம் ஊரில் சாலைப் புறம்போக்கை யாரும் பட்டா போட்டுக்கொள்ள முடியாதல்லவா? அதே கதைதான். அவர் உயிரோடு இருந்தபோதே பூங்காவுக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். 1960-ல் அவர் காலமானார்.

வேலி போட்டார்!

சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அலை தொடும் ஈரமணல்தான் "பொதுச் சாலை". அதற்கு மேலே, புல் முளைக்கும் இடம் வரை உள்ள காய்ந்த மணலைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குடும்பத்தோடு வருகிறவர்கள் துணி விரித்து உட்காருவது எங்கே? காய்ந்த மணலில்தானே! அது ஏற்கெனவே பொதுச் சொத்துதான் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

பூங்காவுக்குச் சுமார் 10 மைல் வடக்கே கேனன் பீச் என்ற ஊர். 1966-ம் ஆண்டு கோடைகாலத்தில் அங்கே ஒரு ஹோட்டல் உரிமையாளர், தம் ஹோட்டலுக்கு முன்னால் உள்ள மணலில் கட்டைகளை அடுக்கி எல்லை கட்டினார். ஹோட்டலில் தங்குகிறவர்கள் மட்டும் உள்ளே வரலாம், மற்றவர்கள் எழுந்து போகவேண்டும் என்றார். பத்திரப்படி அந்த மணல் அவருடையதுதான். அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் விஷயம் சிக்கலாயிற்று.

1967-ல் சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. காய்ந்த மணலிலும் மக்கள் நடமாடும் உரிமை உண்டு என்றது மசோதா. நிலம் வைத்திருந்தவர்கள் எதிர்த்தார்கள். கமிட்டியில் மசோதா கிடப்பில் கிடந்தது.

அப்போதைய கவர்னர் டாம் மெக்கால், அரசியலுக்கு வருமுன் செய்தியாளராகவும் டெலிவிஷனிலும் பணிபுரிந்தவர். விஷயத்தை மக்கள் காதில் போடுவது எப்படி என்று அவருக்குத் தெரியும். மசோதாவைச் சாகவிடக்கூடாது என்று கமிட்டிக்குக் கடிதம் எழுதினார். அது பத்திரிகைகளிலும் வந்தது. பிறகு 1967 மே 13-ந் தேதி, விஞ்ஞானிகளையும் சர்வேயர்களையும் அழைத்துக்கொண்டு ஹெலிகாப்டரில் கடற்கரையிலேயே வந்து இறங்கினார். மணலில் அளந்து கோடு காட்டினார்கள். இந்தக் கோடு வரை என்றால் மக்களுக்கு இவ்வளவு, அந்தக் கோடு வரை என்றால் அவ்வளவு என்று படம் எடுத்தவர்கள் முன்னிலையில் விளக்கினார்கள்.

அவ்வளவுதான். கடிதங்களும் டெலிபோன் அழைப்புகளும் சட்டசபையில் வந்து குவிந்தன. கிடப்பில் கிடந்த மசோதா எழுந்து நடந்தது. அதே ஆண்டு ஜூலை 6-ந் தேதி மெக்கால் கையெழுத்துப் போட்டார்.

ஹோட்டல் விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1969-ல் ஓரிகன் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. நம் கிராமங்களில் வயலுக்கு நடுவே வழிநடைப் பாதை இருக்கும். பத்திரத்தில் நிலம் ஒருவர் பேரில் இருக்கும். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக நடந்த வழியை அடைக்கக்கூடாது என்பார்கள் பெரியவர்கள். கோர்ட்டு சொன்னதும் ஏறக்குறைய இதுதான். நிலம் உமது பேரில் இருக்கட்டும்; ஆனால் மக்கள் நெடுங்காலமாக இந்த மணலைச் சண்டை சச்சரவின்றிப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்; அந்த வழக்கத்தைத் தடுக்க முடியாது என்றது.

அந்த "நெடுங்காலம்" எங்கிருந்து தொடங்குகிறது? வெள்ளையர் வருமுன்பே அங்கே வாழ்ந்த செவ்விந்தியர் காலத்திலிருந்து என்று தீர்ப்பு சொல்கிறது. டிலமூக் முதலிய குலத்தார் அங்கே மீன் பிடித்துச் சமைத்து உண்டு வாழ்ந்தவர்கள். அவர்களுடைய நிலமெல்லாம் போய்விட்டது. அவர்கள் நடந்த வழக்கம் மட்டும் மற்றவர்களுக்குச் சாட்சியாக நின்றது! இந்தக் கணக்கையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

நண்டு பிடிக்கலாம், அளந்து பார்க்கணும்

வெஸ்ட் பூங்காவை ஒட்டிய கடலின் பெரும்பகுதியில் 2016 முதல் மீன் பிடிக்கத் தடை. மீன் குஞ்சுகள் வளரட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தூண்டில் போட விரும்புகிறவர்கள் சில மைல் தெற்கே நெஹேலம் குடாவுக்குப் போகிறார்கள். அங்கே கடலுக்கும் குடாவுக்கும் நடுவே நான்கு மைல் நீளத்துக்கு ஒரு மணல்திட்டு. அதுவும் மாநிலப் பூங்காதான். அங்கே கூடாரம் அடித்துத் தங்கவும் இடம் உண்டு.

குடாவில் பெரிய பொழுதுபோக்கு நண்டு பிடிப்பது. வட்டக் கம்பியில் கட்டிய வலை; நடுவே கோழித்துண்டோ மீன் தலையோ. கயிறு கட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டிருக்க வேண்டியது. பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து மளமளவென்று இழுத்தால் நண்டுகள் கொடுக்கை நீட்டிக்கொண்டு மேலே வரும்.

எல்லாவற்றையும் கூடையில் போட்டுவிட முடியாது. கவிழ்த்து அடிவயிற்று மடலைப் பார்க்க வேண்டும். மடல் அகலமாக இருந்தால் பெண் நண்டு. உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஆண் நண்டும் ஓட்டின் குறுக்கே ஐந்தே முக்கால் அங்குலம் இருந்தால்தான் ஆயிற்று. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 நண்டு. பன்னிரண்டு வயது ஆனவர் எல்லாரும் லைசென்சு வாங்க வேண்டும். ஒரு நண்டில் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். 360 மைல் கரையிலும் எல்லாரும் அப்படி நினைத்தால் பேரன் காலத்துக்கு நண்டு ஏது? அங்கே எட்டு வயதுச் சிறுவன்கூட அளவுகோலை நண்டின் முதுகில் வைத்துப் பார்த்து, கால் அங்குலம் குறைந்தால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நீரில் விடுவான்.

கடலும் அங்கே சாது அல்ல. கோடையிலும் தண்ணீர் உடம்பை விறைக்க வைக்கும். நாலு சிறிய அலைக்குப் பின் சொல்லாமல் ஒரு பெரிய அலை வரும். கரையில் கிடக்கும் பெருங்கட்டைகளை அது பொம்மை போல் புரட்டிவிடும். கட்டையின் மேல் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுப்பது அங்கே பெரும் ஆபத்து. கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள் என்று அங்குள்ளவர்கள் ஓயாமல் எச்சரிக்கிறார்கள்.

இப்போது வந்திருக்கும் வேலி

சட்டம் வந்தது, கோர்ட்டும் சொல்லிவிட்டது. இனிக் கவலை இல்லை என்று இருந்துவிட முடியுமா?

கடல் கரையை அரிக்கிறது. மணலுக்கு மேலே வீடு கட்டியவர்கள் பயப்படுகிறார்கள். வீட்டுக்கு முன் பெரும் பாறைகளைக் கொட்டிச் சுவர் எழுப்பக் கேட்கிறார்கள். வீடு போகிறதே என்ற அவர்கள் கவலையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாறைச் சுவர் எழுந்தால் என்ன ஆகும்? மேட்டிலிருந்து சரிந்து வரவேண்டிய மணல் வராது. கடல் முன்னே வரும்; சுவர் பின்னே நகராது. நடுவில் இருக்கும் மணற்பரப்பு ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கும். கடைசியில் அலை சுவரில் வந்து மோதும். நடக்க இடம் இராது.

1966-ல் கட்டையால் போட்ட வேலியை ஒரே நாளில் பிடுங்கி எறியலாம். பாறைச் சுவர் போடும் வேலி கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடுங்கவும் முடியாது. இதனால் ஓரிகனில் ஒரு விதி செய்திருக்கிறார்கள். 1977 ஜனவரி 1-ந் தேதிக்கு முன் கட்டிடம் எழும்பிய இடங்களுக்கு மட்டுமே பாறைச் சுவருக்கு அனுமதி கேட்கலாம். பின்னால் கட்டியவர்கள், கடலின் குணம் தெரிந்தேதான் கட்டினீர்கள் என்று பதில் பெறுகிறார்கள். இந்த விதிக்கு விலக்குக் கேட்டு வழக்குகளும் நடந்திருக்கின்றன.

விலக்குக் கொடுப்பது தவறு. ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டின் முன் அரிப்பு அதிகமாகும். அவரும் வந்து நிற்பார். பாறையைக் கொட்டப் பணம் உள்ளவர் ஒருவர். இழக்கப்போகிற மணலோ ஊருக்கெல்லாம் பொது. 1967-ல் கடிதம் எழுதிய மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இப்போது இந்த விசாரணைகளில் போய் உட்கார்ந்து பேசவேண்டும். சிலர் பேசவும் செய்கிறார்கள்.

வெஸ்ட் பூங்காவில் மாலை ஆனதும் கூட்டம் மெல்லக் கலைகிறது. அலைச்சறுக்குப் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் காட்டுவழியே திரும்புகிறார்கள். மணலில் குழந்தைகள் கட்டிய வீடுகள் நிற்கின்றன. அலை ஏறி வரும் வரை அவை அவர்களுடைய சொத்து.