மறைச்சு வச்ச ஃபைலும் ரெண்டு கொலையும்

டூபாக் ஷகூர், நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. - இந்த ரெண்டு பேரோட பேச்சை எடுத்தாலே கூட்டம் ரெண்டா பிரிஞ்சுடும். ஒரு கோஷ்டி சொல்லும், "ராப் பாடறவன் எல்லாம் ரவுடிப் பசங்க, ஒருத்தனை ஒருத்தன் போட்டுத் தள்ளிக்கிட்டான், இதுல என்னய்யா மர்மம்?" இன்னொரு கோஷ்டி குரலைத் தாழ்த்தி, "உனக்குத் தெரியாது மச்சி, அதைச் செஞ்சதே போலீஸ்தான்" என்கும். மூணாவதா, டூபாக் சாகவே இல்லை, க்யூபாவுல சுகமா இருக்கார்னு சொல்ற ஆளுங்களும் உண்டு. அவங்களை இந்தப் பதிவுல சேர்த்துக்கலை :)

முதல் ரெண்டு கோஷ்டிக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு. ரெண்டு பேருக்கும் ஆதாரம் தேவைப்படறதில்லை. அந்த நிலைமை எப்படி வந்துச்சுங்கறதுதான் எனக்கு முக்கியமா படுது. கொலை செஞ்சது யாருன்னு நான் சொல்லப் போறதில்லை. ஒரு போலீஸ் துறை தன் பக்கத்துக் காகிதத்தை மறைச்சா என்ன ஆகும்ங்கறதைத்தான் சொல்லப் போறேன்.

கதை தெரியாதவங்களுக்காக சுருக்கமா...

1996 செப்டம்பர் 7. லாஸ் வேகாஸ் எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டல்ல மைக் டைசன் குத்துச்சண்டை பார்த்துட்டு வெளியே வந்த டூபாக்கும் அவர் ஆட்களும் ஆர்லாண்டோ ஆண்டர்சன்ங்கற வாலிபரை லாபியிலேயே போட்டு அடிக்கறாங்க. ஹோட்டல் கேமராவுல பதிவாகியிருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு, டெத் ரோ ரெக்கார்ட்ஸ் முதலாளி ஷூக் நைட் ஓட்டிட்டுப் போன காரில் டூபாக் உட்கார்ந்திருக்கும்போது, சிக்னல்ல பக்கத்துல வந்து நின்ன வெள்ளை கேடிலாக்ல இருந்து சுடறாங்க. ஆறு நாள் கழிச்சு, செப்டம்பர் 13 அன்னிக்கு இறந்துட்டார். வயசு 25.

ஆறு மாசம் கழிச்சு, 1997 மார்ச் 9. லாஸ் ஏஞ்சலிஸ் பீட்டர்சன் ஆட்டோமோட்டிவ் மியூசியத்துல ஒரு பார்ட்டி. முடிஞ்சு கிளம்பின பிகி - நிஜப் பெயர் கிறிஸ்டோபர் வாலஸ் - சிக்னல்ல நிக்கும்போது கறுப்பு இம்பாலா கார்ல வந்த ஒருத்தன் சுட்டுட்டுப் போயிட்டான். வயசு 24. பிகியோட பாதுகாப்புக்கு டியூட்டியில இல்லாத ஒரு இங்கிள்வுட் போலீஸ்காரரே கூலிக்கு வந்திருந்தார். சுத்திலும் பார்ட்டி முடிஞ்சு வெளியே வந்த கூட்டம். அப்படியும் பிகி கொலைக்காக இதுவரைக்கும் யாரும் கைதாகலை.

இனிமேதான் நிஜமான கதை.

பிகி செத்து ஒன்பது நாள். மார்ச் 18. நார்த் ஹாலிவுட்ல கார் ஓட்டும்போது ரெண்டு பேருக்கு தகராறு. ஒருத்தர் இன்னொருத்தரைச் சுட்டுக் கொன்னுட்டார். அப்புறம்தான் தெரியுது, ரெண்டு பேருமே லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ்! சுட்டவர் மாறுவேஷத்துல இருந்த ஃப்ராங்க் லைகா. செத்தவர் கெவின் கெய்ன்ஸ். இந்த கெய்ன்ஸ், ஷூக் நைட்டோட பிரிஞ்சு வாழ்ந்த மனைவிகூட பழகிட்டு இருந்தவர். விசாரிக்கப் போன துப்பறிவாளர் பேரு ரஸ்ஸல் பூல். ஒரு சாதாரண போலீஸ்காரர் எப்படி டெத் ரோ வட்டாரத்துல சுத்தினார்ங்கற கேள்வி அவருக்கு வருது. கொஞ்ச நாள்ல பிகி கொலை வழக்கும் அவர் கைக்கே வருது.

1997 நவம்பர்ல ஒரு வங்கிக் கொள்ளை. 7,22,000 டாலர். மாட்டினது டேவிட் மேக்னு இன்னொரு போலீஸ்காரர். 14 வருஷத்துக்கு மேல தண்டனை. பணம் கிடைக்கவே இல்லை. அடுத்து 1998-ல ரஃபேல் பெரெஸ். மேக்கோட பழைய கூட்டாளி. போலீஸ் சாட்சியப் பொருள் வச்சிருக்கற இடத்துல இருந்தே ஆறு பவுண்டு கொக்கெய்ன் திருடி மாட்டினார். தண்டனையைக் குறைச்சுக்க அவர் வாயைத் திறந்ததும் கிளம்பினதுதான் ராம்பார்ட் ஊழல். ரவுடிக் கும்பல்களை ஒழிக்கறதுக்குன்னு இருந்த 'க்ராஷ்' பிரிவே ஒரு கும்பலா இருந்திருக்கு. பொய் வழக்கு, பொய் சாட்சி, துப்பாக்கியைக் கொண்டு போய் வைக்கறது, அடி, உதை எல்லாம்.

ஒரே ஒரு உதாரணம். ஹாவியர் ஒவாண்டோன்னு 19 வயசுப் பையன். கையில ஆயுதம் இல்லை. பெரெஸும் அவர் பார்ட்னரும் 1996-ல சுட்டாங்க. இடுப்புக்குக் கீழே செயலிழந்து போச்சு. பக்கத்துல ஒரு துப்பாக்கியை வச்சுட்டு, எங்களைத் தாக்க வந்தான்னு கோர்ட்ல சொல்லி, அந்தப் பையனுக்கே 23 வருஷம் வாங்கிக் கொடுத்தாங்க. பெரெஸ் உண்மையைச் சொன்ன பிறகு 1999-ல விடுதலை. நகர நிர்வாகம் கொடுத்த நஷ்டஈடு ஒன்றரை கோடி டாலர். இப்படி ரத்தான தண்டனைகள் மட்டும் 100-க்கு மேல.

பூல் இந்தப் புள்ளிகளை எல்லாம் இணைச்சுப் பார்த்தார். மேக் கிட்ட கறுப்பு இம்பாலா இருந்தது. டெத் ரோவுக்கு செக்யூரிட்டி வேலை பார்த்த நிறுவனத்துல போலீஸ்காரங்க பகுதி நேரமா சம்பாதிச்சாங்க. அப்போ பிகி கொலையிலயும் போலீஸுக்குப் பங்கு இருக்குமோ? இதைத் தோண்ட விடாம மேலதிகாரிங்க தடுத்துட்டாங்கன்னு குற்றம் சாட்டிட்டு 1999-ல வேலையை விட்டார்.

இங்க நிதானமா யோசிக்கணும். பூல் சொன்னது ஒரு சந்தேகம். மேக் மேல பிகி கொலைக்காக வழக்கே போடப்படலை, அவருக்கு அதுல பங்கு இருக்குன்னு எந்தக் கோர்ட்டும் சொல்லலை. லாஸ் ஏஞ்சலிஸ் மாதிரி ஊர்ல கறுப்பு இம்பாலா எத்தனை ஓடும்? அதை வச்சு ஒருத்தரைக் கொலைகாரர்னு சொன்னா, ஒவாண்டோவுக்கு க்ராஷ் பிரிவு செஞ்சதையே நாமளும் செய்யறோம்.

ஆனா சந்தேகத்தைச் சரின்னோ தப்புன்னோ நிரூபிக்க விட்டாங்களா? அங்கதான் எனக்குக் கடுப்பாகுது.

பிகியோட அம்மா வொலெட்டா வாலஸ் 2002-ல நகர நிர்வாகத்து மேல வழக்கு போட்டாங்க. 2005-ல விசாரணை நடந்துட்டிருக்கும்போது ஒரு தகவல் வருது. ஜெயில்ல பெரெஸ் கூட இருந்த ஒரு ஆள், பெரெஸ் தன்கிட்ட டெத் ரோ தொடர்பு பத்தியும் பிகி கொலை பத்தியும் பேசினதா போலீஸ்கிட்ட சொல்லியிருக்கான். அந்தக் காகிதங்கள் எங்க இருந்துச்சு தெரியுமா? பிகி வழக்கை விசாரிச்ச துப்பறிவாளரோட மேஜை டிராயர்ல! மறந்துட்டேன்னார். நீதிபதி ஃப்ளாரன்ஸ் மேரி கூப்பர் அதை நம்பலை. வேணும்னே மறைச்சிருக்காங்கன்னு சொல்லி விசாரணையை ரத்து பண்ணினார். குடும்பத்தோட வழக்குச் செலவுக்காக நகரம் சுமார் 11 லட்சம் டாலர் கட்டணும்னு 2006-ல உத்தரவு போட்டார். 2010-ல அந்த வழக்கே தீர்ப்பு எதுவும் இல்லாம முடிஞ்சு போச்சு.

அந்த ஜெயில் ஆசாமி சொன்னது பச்சைப் பொய்யாவே இருக்கட்டும். ஜெயில்ல இருக்கறவன் சலுகைக்காக ஆயிரம் சொல்வான். ஆனா பொய்யை டிராயர்ல பூட்டி வைக்கணும்ங்கற அவசியம் என்ன? எடுத்துக் கோர்ட்ல போட்டு, குறுக்கு விசாரணையில கிழிச்சிருக்கலாமே?

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடுச்சுன்னா, காலையில எல்லாரும் உட்கார்ந்து ரூட் காஸ் என்னன்னு பார்ப்போம். அப்போ யாரோ ஒருத்தர் லாக் ஃபைலை அழிச்சிருந்தா, அவர்தான் சர்வரைப் படுக்க வச்சார்னு அர்த்தம் இல்லை. ஆனா அன்னியிலிருந்து அந்த டீம்ல யார் என்ன சொன்னாலும் நம்ப முடியாது. அதே மாதிரி, எந்த கோடுல பிரச்சனையோ அதை எழுதினவரே தனியா ரிப்போர்ட் எழுதக்கூடாது. கம்ப்யூட்டருக்கே இந்த ஜாக்கிரதைன்னா, ஒரு மனுஷன் செத்த விஷயத்துல லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் மேல வந்த புகாரை லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸே விசாரிச்சது எந்த ஊர் நியாயம்?

"யாரும் சாட்சி சொல்ல வரலை, போலீஸ் என்ன பண்ணும்?" இது வழக்கமா வர்ற பதில். பாதி உண்மை. டூபாக்குக்குப் பின்னாடி கார்ல வந்த யாஃபியூ ஃபுலாங்கற 19 வயசுப் பையன், சுட்டவனை அடையாளம் காட்ட முடியலாம்னு போலீஸ்கிட்ட சொல்லியிருந்தான். ரெண்டு மாசம் போச்சு. நவம்பர்ல அவன் நியூ ஜெர்சியில சுடப்பட்டு இறந்துட்டான். வாய் திறக்கத் தயாரா இருந்தவன் கதை இது. வாய் திறக்காதவங்களையும் யோசிச்சுப் பாருங்க. சுட்ட பையனையே குற்றவாளியாக்கின போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள, எந்த தைரியத்துல ஒரு கறுப்பினத்தவரோ லத்தீன் அமெரிக்கரோ நடந்து போய் நான் பார்த்தேன்னு சொல்வார்?

சரி, போலீஸுக்கு ராப் உலகத்தைப் பத்தித் தெரியாதா, ஆள் பலம் இல்லையான்னா, அதுவும் இல்லை. பிகி செத்த பிறகு நியூயார்க் போலீஸ்ல டெரிக் பார்க்கர்ங்கற துப்பறிவாளர் ராப் பாடகர்களைப் பத்தியே ஒரு பெரிய ஃபைல் தயாரிச்சார். யார், யார்கூட சுத்தறாங்க, என்ன கார், பழைய வழக்கு என்னன்னு எல்லாம். 2004-ல மயாமி போலீஸும் ஊருக்கு வர்ற ராப் பாடகர்களை ரகசியமா கண்காணிக்கறதா பத்திரிகையில வந்து நாறிப் போச்சு. அவங்களுக்கு நியூயார்க்ல இருந்துதான் பயிற்சி. இவ்வளவு ஃபைல் இருந்தும் ரன் டி.எம்.சி.யோட ஜாம் மாஸ்டர் ஜே 2002-ல நியூயார்க் ஸ்டூடியோவுலேயே கொலையானப்போ, வழக்கு பதிவாக 2020 வரைக்கும் ஆச்சு. பாடகனைக் கண்காணிக்க ஆள் இருக்கு, பாடகனைக் கொன்னவனைப் பிடிக்க இல்லை. அவன் செத்தாலும் சந்தேக நபர்தான் போல!

பத்திரிகைகளும் லேசுப்பட்டவங்க இல்லை. 2008-ல லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ், டூபாக் மேல 1994-ல நடந்த தாக்குதலைப் பத்தி எஃப்.பி.ஐ. ஆவணங்கள்னு நம்பி ஒரு கட்டுரை போட்டாங்க. அது ஜெயில்ல இருந்த ஒருத்தர் தயாரிச்ச போலி ஆவணம்னு தெரிஞ்சதும் திரும்பப் பெற வேண்டியதா போச்சு. உண்மையான காகிதம் டிராயர்ல பூட்டியிருக்கற ஊர்ல போலிக் காகிதத்துக்குத்தான் மவுசு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். க்ரெக் கேடிங்னு இன்னொரு லாஸ் ஏஞ்சலிஸ் துப்பறிவாளர் 2006-ல திரும்ப விசாரிச்சார். இது எதுவுமே போலீஸ் சதி இல்லை, கும்பல்களுக்குள்ள நடந்த பழிக்குப் பழிதான்னு 2011-ல புத்தகமே எழுதினார். பிகியைச் சுட்டதா அவர் சொல்ற ஆள் 2003-லயே கொலையாகிட்டார். டூபாக் விஷயத்துல, ஆண்டர்சனோட மாமா டுவேன் கீத் டேவிஸ் அந்த வெள்ளை காருக்குள்ள தானும் இருந்ததா 2008-லயே கேடிங்கிட்ட சொல்லிட்டார். ஆனா அதை அவருக்கு எதிரா பயன்படுத்த மாட்டோம்ங்கற ஒப்பந்தத்தோட. அப்புறம் அவரே பேட்டி கொடுத்து, 2019-ல புத்தகமும் போட்டதுக்குப் பிறகுதான் 2023 செப்டம்பர்ல லாஸ் வேகாஸ் போலீஸ் கைது பண்ணினாங்க. அவர் கோர்ட்ல குற்றத்தை மறுத்துட்டார். விசாரணைத் தேதியும் ஒரு தடவைக்கு மேல தள்ளிப் போயிருக்கு.

கேடிங் சொல்றது சரியாவே இருக்கலாம். எனக்கும் அதுதான் கொஞ்சம் நம்பற மாதிரி தெரியுது. அப்படின்னா என் வாதம் இன்னும் பலமாகுது. சாதாரண பழிவாங்கல் கொலைன்னா மறைக்கறதுக்கு போலீஸுக்கு எதுவுமே இல்லையே! இருக்கறதை எல்லாம் மேஜை மேல போட்டிருந்தா 2005-லயே பாதி சதிக்கதை செத்திருக்கும். துறையோட மானத்தைக் காப்பாத்தறேன்னு ஒரு டிராயரைப் பூட்டினாங்க. அதுக்குப் பிறகு அவங்க உண்மையே சொன்னாலும் கேட்க ஆள் இல்லை.

செய்ய வேண்டியது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. போலீஸ் மேல சந்தேகம் வர்ற வழக்கை அதே போலீஸ் விசாரிக்கக் கூடாது. வழக்கு ஃபைல்ல எந்தக் காகிதம் எப்போ வந்துச்சு, யார் எடுத்தாங்கன்னு வெளி ஆள் தணிக்கை பண்ணணும். மறைச்சவர் மேல நடவடிக்கை வேணும். நகரம் கட்டின அபராதம் மக்களோட வரிப்பணம், மறைச்சவர் சட்டைப்பையில இருந்து போனது இல்லை.

ரஸ்ஸல் பூல் 2015-ல லாஸ் ஏஞ்சலிஸ் ஷெரீஃப் ஆபீஸ்ல, இந்த வழக்கைப் பத்திப் பேசிட்டிருக்கும்போதே மாரடைப்புல செத்துப் போனார். டூபாக்கோட அம்மா அஃபெனி 2016-ல போயிட்டாங்க, மகன் வழக்குல ஒரு கைதைக்கூட பார்க்காம. வொலெட்டா வாலஸ் 2025 பிப்ரவரியில காலமானாங்க. மகன் செத்து கிட்டத்தட்ட 28 வருஷம். அந்த அம்மா கேட்டது சதிக் கோட்பாடு இல்லை, என் புள்ளையை யார் கொன்னாங்கங்கற ஒரே கேள்வி. அதுக்கு அரசாங்கம் கொடுத்த பதில், பூட்டின டிராயர்.

டிஸ்கி: டூபாக் பெரியவரா பிகி பெரியவரான்னு சண்டை போட இது இடம் இல்லை மக்களே. அதுக்குத் தனியா ஒரு பதிவு போடறேன், அங்க வந்து கும்மியடிங்க :)