திரை வந்தது, தீட்டும் கை எங்கே?

சோழ நாட்டில் பிறந்த பிள்ளை சோழர் ஓவியத்தைக் கண்டதில்லை! விந்தையாகத் தோன்றுகிறதா? உண்மை அதுதான், நண்பர்களே!

1010இல் எழுந்து முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் இருண்ட உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் உறங்கிய ஓவியங்களை, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சிதைந்துவிடாமல் காக்க, அந்தச் சுற்றைப் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. காப்பது முறைதான். ஆனால், அடைத்த கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு அக்கலையைக் கொண்டு சேர்ப்பது எது?

கருவி சேர்க்கும்! அரசு தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஒரத்தநாட்டுப் பக்கத்து உழவுத் தொழிலாளியின் மகள், ஆடல் மகளிரின் விரல் நுனித் துடிப்பை வகுப்பறைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கட்டும். புராணக் கதை கிடக்கட்டும். அந்தக் கோட்டை இழுத்தது, தன் தந்தையின் கை போல் உழைத்துக் காய்த்த கை என்று உணரட்டும்.

ஆனால், பார்த்ததோடு பாடம் முடிந்தது என்பாரும் உண்டு. தொட்டவுடன் வண்ணம் நிரம்பும் திரை விளையாட்டைக் காட்டி, இதுவே ஓவியக் கல்வி என்பர். எல்லை தாண்டாத வண்ணம், கோணாத கோடு! கோட இடமில்லாத கை எதைக் கற்கும்?

சோழ ஓவியன் எதைக் கொண்டு தீட்டினான்? 1930களில் சென்னை அருங்காட்சியக வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் ஆய்ந்து கூறினார்: வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, செம்மைக்கும் மஞ்சளுக்கும் காவி மண். இவற்றில் எது நம் சிற்றூரில் இல்லை? அடுப்பங்கரையில் கரி, வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு, பிசைந்து உருவம் செய்யக் காவிரி தந்த வண்டல்! பொருள் இருக்கிறது, கற்பிக்கத்தான் ஆள் இல்லை.

2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். அதுவும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கே! ஐந்து வயதில் அரும்பும் கைக்குப் பதினொரு வயதில் அரைநேர ஆசிரியர். பயிர் வாடியபின் மதகைத் திறப்பது எந்த ஊர் வேளாண்மை?

ஆகவே கேட்கிறோம்: சோழ ஓவியங்களின் தெளிவான படங்கள் ஒவ்வொரு தொடக்கப் பள்ளித் திரைக்கும் விலையின்றி வரட்டும். பத்து நிமிடம் திரை ஒளிரட்டும். மீதி நேரம் அணைந்திருக்கட்டும். அணைந்த திரைக்கு முன்னே, பள்ளித் தொகுதிக்கு ஒருவரேனும் முழுநேர ஓவிய ஆசிரியர் நிற்கட்டும்.

செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தனி ஆசிரியர், ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் திரை மட்டும் என்றால், அது கல்வியன்று, புதுவகைத் தீண்டாமை!

திரை காட்டட்டும், பிள்ளையின் கை தீட்டட்டும்!