விட்டுப் பிடித்தல்

நாமக்கல் மாவட்டத்தில் சமவெளியினின்று செங்குத்தாக எழுந்து நிற்பது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை எனச் சங்கப் புலவர்களால் பாடப்பெற்ற பெருமை அதற்கு உண்டு. அம்மலைமேல் உள்ள சிற்றூர்கள் பல நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று தேவனூர் நாடு. மலையில் விளையும் மிளகும் காப்பியும் பலாவும் சமவெளிச் சந்தைகளை அடைய வேண்டுமாயின், வண்டியேறி மலைப்பாதை வழியே இறங்கியே ஆதல் வேண்டும். காரவள்ளி வழியாகச் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒருபுறம் பாறைச்சுவர், மறுபுறம் பள்ளத்தாக்கு. இத்தகைய மலையில் வாழ்வோருக்குப் பிரேக்கு என்பது வண்டியின் உறுப்புகளுள் ஒன்று மட்டுமன்று, அதுவே உயிர்க்காவல்.

பிரேக்கை எவ்வளவு வன்மையாக அழுத்தினாலும் அவ்வளவு விரைவில் வண்டி நிற்கும் என்பது பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் ஓர் எல்லை வரையிலுமே பொருந்தும். பாசி படிந்த பாறையில் நடப்பவன் காலை ஊன்றி நிற்கும்வரை அவனுக்குப் பிடிப்பு உண்டு. கால் ஒருமுறை சறுக்கத் தொடங்கிவிட்டால், அதனை நிறுத்துதல் அரிது. வண்டிச் சக்கரத்தின் நிலையும் இதுவே. உருளும் சக்கரம் சாலையைப் பற்றிக்கொண்டே செல்கிறது. பிரேக்கின் அழுத்தம் மிகுந்து சக்கரம் சுழலாமல் இறுகிவிட்டாலோ, அது சாலைமேல் இழுபட்டுச் சறுக்குகிறது. ஈரமான சாலையில் பிடிப்பு மேலும் குறைகிறது.

இதனினும் பெரிய தீங்கு வேறொன்று உண்டு. முன்சக்கரங்கள் உருண்டால்தான் ஸ்டீயரிங்கின் ஏவலுக்கு வண்டி பணியும். இறுகிய சக்கரத்தை எப்பக்கம் திருப்பினும், வண்டி தான் சென்ற திசையிலேயே வழுக்கிச் செல்லும். சாலை வளைய, வண்டி நேரே சென்றால் நேர்வது யாது என்பதை மலைப்பாதையைக் கண்டோர் அறிவர்.

இவ்வுண்மையை அறிந்த பழைய ஓட்டுநர்கள், வழுக்கும் சாலையில் பிரேக்கை அழுத்தியும் தளர்த்தியும் மாறி மாறி மிதித்தனர். தமிழில் இதனை 'விட்டுப் பிடித்தல்' எனலாம். ஆயினும், மனிதக் கால் ஒரு நொடியில் சில முறையே அவ்வாறு மிதிக்க இயலும். அன்றியும், அச்சம் மேலிட்ட வேளையில் கால் விறைத்து மிதியை முற்றும் அழுத்திவிடுதல் இயல்பு. கால் செய்ய இயலாத இத்தொழிலைச் செய்வதற்கு அமைந்ததே 'ஏ.பி.எஸ்.' எனப்படும் கருவி.

இதன் அமைப்பு வியப்புக்குரியது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், அது சுழலும் வேகத்தை அளக்கும் உணரி ஒன்று உண்டு. உணரிகள் அனுப்பும் செய்தியை ஒரு சிறு மின்னணுக் கருவி இடைவிடாது கணக்கிடுகிறது. ஏதேனும் ஒரு சக்கரத்தின் வேகம் திடீரெனக் குறைந்து, அது இறுகப் போவதாகத் தோன்றின், அச்சக்கரத்திற்குச் செல்லும் பிரேக்கு எண்ணெயின் அழுத்தத்தை வால்வுகள் தளர்த்துகின்றன. சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கியதும் அழுத்தம் ஏறுகிறது. ஒரு நொடிக்குள் 10 முறைக்கு மேலும் இவ்வாறு நிகழக்கூடும். அவ்வேளையில் மிதி காலின்கீழ் அதிர்வதுண்டு. அதனைப் பழுதெனக் கருதிக் காலை எடுத்துவிடுதல் கூடாது. இக்கருவியுள்ள காரில் ஓட்டுநர் தாமே விட்டுப் பிடிக்க வேண்டுவதில்லை. மிதியை உறுதியாக அழுத்திக்கொண்டு, வண்டியை வேண்டிய திசையில் திருப்புதலே முறை.

இம்முறை முதலில் வானூர்திகளுக்கே பெரிதும் பயன்பட்டது. 1950களில் வானூர்திச் சக்கரங்களில் இதற்கெனக் கருவிகள் பொருத்தப்பட்டன. 1966-இல் ஜென்சன் என்னும் ஆங்கிலேயக் காரில் அத்தகைய கருவி இடம்பெற்றது. 1978-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு முறை மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல், விற்பனைக்கு வரும் புதிய கார்களில் இது கட்டாயமாக்கப்பட்டது. உயிரைக் காக்கும் கருவி செல்வர்க்கு மட்டும் உரியதாக இராமல் அனைவர்க்கும் பொதுவாயினமை போற்றத்தக்கதே.

ஆயினும், கருவி உண்டு என்னும் துணிவே கேடாக முடிதலும் கூடும். 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாடகைக் கார்களைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்ந்தது. சில கார்களில் இக்கருவி இருந்தது, பிறவற்றில் இல்லை. இருவகைக் கார்களும் விபத்துக்குள்ளான அளவில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. கருவி பெற்ற ஓட்டுநர்கள் வளைவுகளில் முன்னினும் கடுமையாகத் திரும்பியமையே காணப்பட்டது. கருவி அளித்த காவலை மனிதர் விரைவுக்கு விலையாகக் கொடுத்துவிட்டனர்!

இயற்கையின் விதியை எக்கருவியும் மாற்றிவிடாது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கிறது. வேகம் இருமடங்கானால், பிரேக்கு பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தொலைவு நான்கு மடங்காகிறது. தளர்ந்த சரளைக் கல்லில் ஏ.பி.எஸ். உள்ள வண்டி நிற்பதற்கு மிகுந்த தொலைவு வேண்டியிருத்தலும் உண்டு. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஓயாது அழுத்தினால் அது சூடேறி வலுவிழக்கும். அதனையும் இக்கருவி தடுக்காது. ஆகவே, கீழ்க் கியரில் மெல்ல இறங்குதலும், தேய்ந்த டயர்களை உரிய காலத்தில் மாற்றுதலும், குறுகிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுதலும் என்றும் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளாம்.

இக்கருவி இல்லாத பழைய வண்டிகளும் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டிற்கும் மிதிக்கும் முறை வேறு. எனவே, ஓட்டக் கற்போர்க்கு இவ்விருமுறைகளையும் தெளிவாகக் கற்பித்தல் வேண்டும். கருவியைப் பொருத்திவிட்டு, அதன் இயல்பைக் கற்பியாமல் விடுதல், விளக்கைக் கொடுத்து ஏற்றும் வகையைச் சொல்லாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

தேவனூர் நாட்டினின்று விளைபொருளோடு இறங்கும் வண்டியில் ஒரு குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது. பேருந்தில் பல குடும்பங்களின் உயிர்கள் இருக்கின்றன. சக்கரத்தை விட்டுப் பிடிக்கும் தொழிலைக் கருவி செய்யும். விரைவை விட்டு விழிப்பைப் பிடிக்கும் தொழிலை மனிதனே செய்தல் வேண்டும்.