வளர்த்தா அஞ்சாயிரம்... விட்டெறிஞ்சா அம்பது! வைத்தியச் செலவால் தெருவுக்கு வரும் வீட்டு நாய்கள்

சென்னை: மனுஷனுக்கு காய்ச்சல் வந்தால் ஜி.எச்.சுக்கு ஓடலாம். ஓ.பி. சீட்டு இலவசம், மாத்திரை இலவசம். வீட்டு நாய்க்கு காய்ச்சல் வந்தால் எங்கே ஓடுவது? பக்கத்துத் தெருவில் பளபளன்னு கண்ணாடிக் கதவு போட்ட 'பெட் கிளினிக்' இருக்கிறது. உள்ளே போனால் வெளியே வரும்போது பர்ஸ் காலி. இதுதான் இப்போது சென்னையில் நாய், பூனை வளர்க்கும் சாதாரண ஜனங்களின் புலம்பல்.

நாய் வளர்ப்பது பங்களாக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தால் தப்பு. குப்பத்துக்குள் போய்ப் பாருங்கள். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டு வாசலில் மணியோ, டைகரோ, பப்பியோ படுத்துக் கிடக்கும். காசு கொடுத்து வாங்கியது இல்லை. மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்ததை பிள்ளைங்க தூக்கி வந்தது. சாப்பாடு நம்ம சாப்பாட்டில் மிச்சம். இதுவரை செலவு ஒண்ணும் இல்லை. வியாதி வந்தால்தான் தலைவலி ஆரம்பம்.

எண்ணூர் பக்கம் ஒரு கூலித் தொழிலாளி வீடு என்று வைத்துக்கொள்வோம். பையன் தூக்கி வந்த மூணு மாசக் குட்டி. ஊசி எதுவும் போடவில்லை. ஒருநாள் காலையில் வாந்தி. சாயங்காலம் பேதி. 'வெயில் சூடு, சரியாப் போயிடும்' என்று தயிர்ச் சோறு வைக்கிறார்கள். மறுநாள் பேதியில் ரத்தம், நாற்றம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் குட்டி எழுந்திருக்கவே இல்லை. அதற்கு அப்புறம்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

வந்திருப்பது 'பார்வோ'. குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோகும் வைரஸ். இதைக் கொல்ல நேரடி மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி தொற்றாமல் ஊசி போட்டு, உடம்பு தானாக ஜெயிக்கும்வரை பிடித்து வைக்க வேண்டும். நாலு நாளோ, ஒரு வாரமோ. தனியார் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க மட்டும் ஏரியாவைப் பொறுத்து 300 முதல் 800 ரூபாய் வரை ஆகிறது. ரத்த டெஸ்ட், டிரிப்ஸ், ஊசி, தங்க வைக்கும் வாடகை என்று கூட்டினால் பத்தாயிரத்தைத் தொடுவது சர்வ சாதாரணம். அதுவும் பிழைக்கும் என்ற உத்தரவாதம் இல்லாமல்.

இதே குட்டிக்கு ஒன்றரை மாதத்தில் ஆரம்பித்து இரண்டு, மூன்று தவணையாகத் தடுப்பூசி போட்டிருந்தால்? பார்வோ, டிஸ்டெம்பர் எல்லாம் சேர்ந்த ஊசி தனியாரிடம் ஒரு தவணை ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். கூலிக்காரனுக்கு அதுவும் பெரிய காசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்தாயிரத்துக்கு முன்னால் அது ஒண்ணுமே இல்லை.

ஏன் இந்த ஏத்தம்?

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கால்நடை மருத்துவப் படிப்பு அஞ்சரை வருஷம். படித்து முடித்து வந்து மெயின் ரோட்டில் கடை பிடித்தால் வாடகை, கரண்ட், கம்பவுண்டர் சம்பளம். முன்பெல்லாம் கண் இமையைப் புரட்டிப் பார்த்து, நாக்கைப் பார்த்து ஊசி போட்டு அனுப்பினார்கள். இப்போது எக்ஸ்-ரே, ஸ்கேன், ரத்த டெஸ்ட் மெஷின் எல்லாம் கிளினிக்கிலேயே வந்துவிட்டது. வாயில்லா ஜீவனால் 'இங்கே வலிக்குது' என்று சொல்ல முடியாது, அதனால் டெஸ்ட் தேவைதான். ஆனால் வாங்கிப் போட்ட மெஷினுக்கு வட்டி யார் கட்டுவது? பில்லில்தான் வருகிறது.

மருந்து விஷயம் இன்னொன்று. நாய்க்கு மருந்தை எடை பார்த்துக் கொடுக்கிறார்கள். உண்ணி மாத்திரை ஒன்று வாங்கினாலே, அஞ்சு கிலோ நாய்க்கு ஒரு விலை, முப்பது கிலோ நாய்க்கு ஒரு விலை. ஆசைப்பட்டு லாப்ரடார் வாங்கினவர் வாழ்நாள் முழுக்க அந்த எடைக்குக் காசு கட்ட வேண்டும். பனிப் பிரதேசத்து ஹஸ்கியை வாங்கி வந்து சென்னை மே மாத வெயிலில் கட்டிப் போடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல! ராஜபாளையம், சிப்பிப்பாறை, இல்லாவிட்டால் நம்ம தெரு நாட்டுக் குட்டி, இதுங்க நம்ம வெயிலுக்குப் பிறந்ததுங்க.

அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு கூத்து வைத்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாட்டுத் தீவனத்துக்கு வரி இல்லை, நாய், பூனை பாக்கெட் தீனிக்கு 18 சதவீதம். நாய் வளர்ப்பு என்றால் ஆடம்பரம் என்ற அதே பழைய நினைப்பு. ஒரு நல்ல செய்தி, கால்நடை மருத்துவர் பார்க்கும் வைத்தியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் டாக்டர் பீஸுக்கு மேலே வரி போட்டிருந்தால், 'இது என்ன சார்?' என்று தைரியமாகக் கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வைத்தியம் தொடங்கும் முன்னாலேயே மொத்தம் எவ்வளவு ஆகும் என்று. டூ-வீலர் மெக்கானிக்கிடம் கேட்கிறோம், இங்கே மட்டும் கூச்சம். 'என்னிடம் இவ்வளவுதான் இருக்கு, இதுக்குள்ள எது முக்கியமோ அதை முதல்ல பாருங்க' என்று சொன்னால் பல டாக்டர்கள் அவசியமில்லாத டெஸ்டைத் தள்ளி வைத்துவிடுவார்கள். சொல்லாமல் இருந்துவிட்டு கவுண்டரில் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

வேப்பேரி இருக்கே!

இருக்கிறது. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில். மாதவரம் பால் பண்ணைப் பக்கமும் அதன் கிளை ஆஸ்பத்திரி. கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு, பெரிய டாக்டர்கள், ஆபரேஷன் வசதி எல்லாம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலை, தேனி என்று கல்லூரி ஆஸ்பத்திரிகள். மாநகராட்சியும் தன் பங்குக்கு நுங்கம்பாக்கம், திரு.வி.க. நகர், புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் போன்ற இடங்களில் செல்லப்பிராணி சிகிச்சை மையம் நடத்துகிறது. அங்கே வெறிநாய் தடுப்பூசி இலவசம்.

அப்புறம் ஏன் ஜனங்கள் போகவில்லை? இங்கேதான் கணக்கு இடிக்கிறது.

நம்ம எண்ணூர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பேரிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஆட்டோக்காரர் வாந்தி எடுக்கும் நாயைப் பார்த்ததும் மீட்டரும் இல்லை, பேரமும் இல்லை, அவர் சொல்வதுதான் ரேட்டு. போக, வர அதற்கே பல நூறு. அங்கே காலையில் வரிசை. டெஸ்ட் முடிந்து மருந்து வாங்கி வீடு திரும்ப மதியம் தாண்டும். அன்றைய கூலி போச்சு. 'நாளைக்கும் கூட்டிட்டு வாங்க, டிரிப்ஸ் போடணும்' என்றால் நாளைய கூலியும் போச்சு. ஆக, குறைந்த கட்டண ஆஸ்பத்திரியிலும் கடைசியில் செலவு ஆயிரக்கணக்கில்தான். ஒரே வித்தியாசம், இந்தச் செலவு பில்லில் தெரியாது.

அதனால் என்ன செய்கிறார்கள்? தள்ளிப் போடுகிறார்கள். தள்ளிப் போடப் போட வியாதி முற்றுகிறது, செலவு பெருகுகிறது. உண்ணிக் காய்ச்சலே இதற்கு சாட்சி. ஆரம்பத்தில் பிடித்தால் ரத்தப் பரிசோதனை ஒன்று, 'டாக்சிசைக்ளின்' மாத்திரை மூணு நாலு வாரம். மனுஷங்க மெடிக்கல் ஷாப்பிலேயே சல்லிசாகக் கிடைக்கும் மாத்திரை. டாக்டரிடம் கம்பெனி பெயர் வேண்டாம், மருந்துப் பெயரை எழுதித் தாருங்கள் என்று கேட்டால், மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ விசாரித்து வாங்கலாம். விட்டுவிட்டால்? ரத்த அணு இறங்கி மூக்கில் ரத்தம் கொட்டும். அப்போது ரத்தம் ஏற்ற வேண்டி வரும்.

மாத்திரை என்றதும் ஒரு எச்சரிக்கை. காசு மிச்சம் என்று நம்ம வீட்டு ஜுர மாத்திரையை உடைத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். பூனைக்கு ஒரு பாராசிட்டமால் போதும், உயிர் போய்விடும். வலி மாத்திரைகளான டைக்ளோபினாக்கும் ஐபுபுரூபனும் நாய்க்கு வயிற்றில் புண் போட்டு, கிட்னியைக் காலி செய்யும். எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதை டாக்டர் சொன்னால் மட்டுமே. இதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

பெட்டை நாய்க்கு இன்னொரு கண்டம். கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயசானால் கருப்பையில் சீழ் கட்டும். அப்புறம் அவசர ஆபரேஷன், இல்லாவிட்டால் சாவு. சின்ன வயசிலேயே கருத்தடை செய்துவிட்டால் இந்த வம்பே இல்லை. வருஷா வருஷம் குட்டிகளை அட்டைப் பெட்டியில் வைத்து யார் தலையில் கட்டலாம் என்று அலையவும் வேண்டாம்.

ஐம்பது ரூபாய் குற்றம்

செலவு கைமீறினால் நடப்பது வெளியே யாரும் பேசாத விஷயம். ராத்திரியோடு ராத்திரியாக நாயை வண்டியில் ஏற்றி, வேறு ஏரியாவில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். சிலர் வேளச்சேரி ப்ளூ கிராஸ் வாசலில் கட்டிவிட்டு நழுவுகிறார்கள். கழுத்தில் பெல்ட்டோடு, தோல் உரிந்து, யாரைப் பார்த்தாலும் வாலாட்டிக்கொண்டு வரும் நாயைப் பார்த்திருப்பீர்கள். அது தெரு நாய் இல்லை. வீட்டு நாய்.

2025-ல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்றது. லைசென்ஸ் கட்டணம் 50 ரூபாய்தான். எடுக்காவிட்டால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். கடிச் சம்பவங்களைப் பார்த்தால் கட்டுப்பாடு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மறுபக்கம் பாருங்கள். நாயைப் பட்டினி கிடக்கும்படி தெருவில் விட்டுவிட்டுப் போனால், 1960-ம் வருஷத்து பிராணிகள் வதை தடுப்புச் சட்டப்படி முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்! 50 ரூபாய்க்கு இன்றைக்கு நல்ல பிரியாணி கூட கிடைக்காது.

லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்துச் சோறு போட்டால் 5 ஆயிரம். தெருவில் தள்ளினால் 50, அதுவும் மாட்டினால். வைத்தியச் செலவில் விழி பிதுங்கி நிற்கும் ஏழைக்கு சட்டம் எந்தக் கதவைத் திறந்து காட்டுகிறது என்று புரிகிறதா?

தெருவில் விட்ட நாயால் ஊருக்குத்தான் நஷ்டம். வருஷா வருஷம் போட வேண்டிய வெறிநாய் ஊசி நிற்கிறது. அது நாளைக்கு ஒரு குழந்தையைக் கடித்தால், அந்தக் குழந்தை அரசு ஆஸ்பத்திரிக்கு முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று ஊசிக்கு நடக்க வேண்டும். அந்த ஊசிக்கு அரசுதான் காசு கொடுக்கிறது. ரேபிஸ் முற்றிவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை. நாய் வைத்தியத்தில் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் அரசு, அந்தக் காசை ஜி.எச்.சில் கொட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை என்ன கேடு?

2025 நவம்பரில் லைசென்சுக்காக மாநகராட்சி ஞாயிற்றுக்கிழமைகளில் சிறப்பு முகாம் போட்டது. லீவு நாள் என்பதால் வேலைக்குப் போகிறவர்களும் நாயைக் கூட்டிக்கொண்டு வர முடிந்தது. சிப் போட ஞாயிற்றுக்கிழமை முகாம் போட முடியும் என்றால், வைத்தியம் பார்க்க ஏன் முடியாது? மாசத்துக்கு இரண்டு ஞாயிறு, எண்ணூர், மணலி, திருவொற்றியூர் மாதிரி தூரத்து ஏரியாக்களில் ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், பார்வோ ஊசி, கருத்தடைக்குத் தேதி குறிக்க ஒரு நோட்டு. இதற்கு கோடிக்கணக்கில் காசு வேண்டாம். அபராதமாக வசூலிக்கும் பணத்தை இதற்கே திருப்பிவிட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள் சிலர். இருக்கிறது. ஆனால் வயசு வரம்பு, தடுப்பூசிச் சான்று, டாக்டர் சர்ட்டிபிகேட் என்று கேட்கும் பாலிசி நம்ம குப்பத்து மணிக்கு எங்கே பொருந்தும்? அதைவிட வீட்டில் ஒரு உண்டியல் வைத்து தினம் பத்து ரூபாய் போட்டால் வருஷத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம். தடுப்பூசிக்கும் பூச்சி மருந்துக்கும் அது பெரும்பாலும் போதும். டீக்கடையில் ஒரு டீயைக் குறைத்தால் ஆச்சு.

எண்ணூர் வீட்டுக் குட்டிக்கு வருவோம். மூன்றாம் நாள் தூக்கிப்போன குட்டிகளில் பல திரும்பி வருவதில்லை. பையன் அழுவான், 'வேற குட்டி வாங்கித் தா' என்பான். தந்தை மனசு கேட்காது, அடுத்த வாரமே ஒன்றைக் கொண்டுவருவார். அங்கேதான் இரண்டாவது அடி. பார்வோ கிருமி அந்த வாசல் மண்ணிலும், குட்டி படுத்த சாக்கிலும், சோறு வைத்த தட்டிலும் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாக்கையும் தட்டையும் எரித்துவிட்டு, தரையை ப்ளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவ வேண்டும். பினாயில் போதாது. புதுக் குட்டி வருவதானால் எல்லாத் தவணை ஊசியும் போட்டு முடித்த பிறகு அந்த வாசலை மிதிக்கட்டும்.