யாருடைய நெரிசல், யாருடைய உரிமை?

மும்பையின் 1991ஆம் ஆண்டு கட்டட விதிகள் ‘வளர்ச்சி உரிமை மாற்றம்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. சுருக்கமாக டி.டி.ஆர். சாலைக்கோ பூங்காவுக்கோ நிலம் கொடுப்பவருக்குப் பணத்துக்குப் பதில் ஒரு சான்றிதழ் கிடைக்கும். தன் நிலத்தில் கட்டியிருக்கக்கூடிய பரப்பை அவர் வேறிடத்தில் கட்டலாம், இன்னொருவருக்கு விற்கவும் செய்யலாம். நெரிசல் மிகுந்த இடத்தில் கட்டடம் குறையும், தாங்கக்கூடிய இடத்தில் கூடும் என்பது இதற்கு நகரத் திட்டமிடுவோர் சொல்லும் நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்பதற்கு முதலில் பட்டா வேண்டுமே? ஊரில் நிலம் மறுக்கப்பட்டு நகரத்துக்கு ஓடிவந்தவர்களிடம் அது ஏது?

தாராவியைப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து போன நம் மக்கள் தோல் பதனிட்டு, சதுப்பு நிலத்தைத் தூர்த்து உருவாக்கிய பகுதி அது. குடிசைவாழ் மக்களுக்கு இலவச வீடு கட்டித்தரும் நிறுவனத்துக்கு, ஊக்கமாக விற்பனைக்கான கட்டடப் பரப்பு தரப்படுகிறது. பக்கத்தில் விமான நிலையம் இருப்பதால் தாராவியில் உயரக் கட்டுப்பாடு உண்டு. அங்கே கட்ட முடியாத மிச்சப் பரப்பு டி.டி.ஆர். ஆகிவிடும். ஆக, அந்த உரிமையை உண்டாக்குவதே அங்குள்ள மக்களின் நெரிசல்தான். சான்றிதழோ, 2022இல் ஏலம் எடுத்த அதானி குழுமத்தின் 80 விழுக்காடு பங்கு கொண்ட நிறுவனத்துக்கு! மும்பையில் டி.டி.ஆர். வாங்கும் கட்டுமான நிறுவனங்கள் முதல் 40 விழுக்காட்டைத் தாராவித் திட்டத்திடமே வாங்க வேண்டும் என்று 2023 நவம்பரில் மகாராஷ்டிர அரசு அறிவிக்கையும் வெளியிட்டது. சந்தையைத் தேடும் சிரமமும் அந்த நிறுவனத்துக்கு இல்லை.

மக்களுக்கு என்ன? தரைத்தளத்தில் 2000 சனவரி 1க்கு முன்பிருந்து குடியிருப்பதை நிரூபித்தால் தாராவிக்குள் 350 சதுர அடி இலவச வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்போருக்கும் தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகைக்கோ. அதற்கென ஒதுக்கிய இடங்களில் ஒன்று, 1927 முதல் நகரத்தின் குப்பை கொட்டப்படும் தேவ்னாரில் 124 ஏக்கர். தோல்கூடத்திலும் தையல் கூடத்திலும் வேலை செய்பவர் அங்கிருந்து தினமும் வந்துபோக முடியுமா? உரிமையை மாற்றுகிறோம் என்று சொல்லி ஆட்களை அல்லவா மாற்றுகிறார்கள்! சென்னையில் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

நான் டி.டி.ஆரையே எதிர்ப்பவன் அல்லன். நெரிசல்தான் உரிமையை உண்டாக்குகிறது என்றால், சான்றிதழ் அந்த நெரிசலில் வாழ்ந்தவர்களின் கூட்டுறவுச் சங்கங்களின் பெயரில் வரட்டும். விற்பதா, வைத்திருப்பதா, என்ன விலைக்கு என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். வரும் பணத்தில் முதல் செலவு, மாடியில் இருப்பவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் தாராவிக்குள்ளேயே வீடு.